ஃப்ரைபுர்கில் என் இனிஷியல்

மேடையில் நின்ற அம்மையார் ‘ஃப்ராவ்’ என்று தொடங்கி என் அப்பாவைக் கூப்பிட்டார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் இந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும் மனிதரை ஜெர்மனியில் யார் தேடப் போகிறார்கள்? மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் உறைத்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப ‘ப.’ என்ற இனிஷியலை விரித்து எழுதியிருந்தோம். அந்தப் பழனி மலைக்காரன் பெயர்தான் இனி நான்.

2024 அக்டோபர், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அறிமுக வாரம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்த நாளிலிருந்தே எனக்கு இந்த நாட்டின் மேல் ஒரு கண். 1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைவராக வந்த பிராண்டிஸ் ஜெர்மானியர். காடு படிக்கக் கருங்காட்டின் அடிவாரத்துக்கே போகலாம் என்று ஆசை. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இந்த மாநிலத்தில் அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்துக் காட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ; மாதம் 992 மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா எதை அடகு வைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் நாள் ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்ததால் எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். அரங்கில் ஒருவரும் இல்லை. நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இரண்டெழுத்து இருந்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் தொடங்குமாம். ஜெர்மானியர் நேரம் தவறாதவர்கள். தாமதத்தைக்கூடச் சட்டமாக்கி வைத்துத்தான் தாமதிக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் கைதட்டல் இல்லை, எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

பேச்சு முழுவதும் காகிதங்களைப் பற்றி. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பதிய, வீட்டுக்காரர் எழுதிய சான்று வேண்டும். வீட்டுக்காரருக்கு வாடகை போட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கப் போனால் பதிந்த முகவரி எங்கே என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று அம்மா சொல்வாளே, அதைப் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார்கள்.

இடைவேளையில் என் மேசைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி எத்தியோப்பியா. அவளையும் காலையிலிருந்து அவள் அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் ஊரிலும் தன் பெயர், அடுத்து அப்பா பெயர், அவ்வளவுதான். இன்னொருவன் ஜாவாக்காரன். அவனுக்கு மொத்தமே ஒரு பெயர். இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் கணினி விடாததால் அதையே இரண்டு முறை எழுதியிருக்கிறான். “எதிரொலி மாதிரி இருக்கு” என்று அவனே சிரித்தான்.

உங்களுக்கு மட்டும் ஏன் குடும்பப் பெயர் இல்லை, மற்ற இந்தியர்களுக்கு இருக்கிறதே என்று அவள் கேட்டாள். காப்பி ஆறுவதற்குள் சொல்ல முடிகிற கதையா? தாத்தாவின் நிலப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பின்னால் சாதி இருக்கும். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அது இல்லை. 1929-ல் செங்கல்பட்டில் சுயமரியாதைக்காரர்கள் கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் குடும்பம் மாநாட்டுக்கெல்லாம் போனதல்ல. ஊரோடு ஒத்துப் போனதில் அந்த வால் உதிர்ந்தது. சாதி உதிர்ந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாவது காப்பி வாங்கியிருக்க வேண்டும்.

மாலையில் மூத்த மாணவர்கள் ஊர் சுற்றிக் காட்டினார்கள். 1944 நவம்பர் குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமானபோதும் நின்ற தேவாலயக் கோபுரம், 116 மீட்டர். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவள் தெருவோர வாய்க்காலில் காலை விட்டேன். பெஹ்லே என்கிறார்கள். ட்ரைசாம் ஆற்றுத் தண்ணீர் கல் பாவிய கால்வாயில், முழ அகலத்தில், கடைவாசல்களை ஒட்டிச் சலசலவென்று ஓடுகிறது. எங்கள் வாய்க்காலைப் போலவே இதுவும் இடைக்காலத்தது. ஆனால் முறை வைத்துச் சண்டை போட ஆளில்லை. தெரியாமல் கால் வைத்தவர் இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வார் என்பது ஐதீகமாம். அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏங்கண்ணு, வாய்க்கால்ல கால வெச்சா கல்யாணம்னா, உங்கப்பனுக்கு நித்தம் ஒண்ணு ஆயிருக்கோணுமே!”

பதிவு முடிந்தது, ஆனால் வங்கி அட்டை வரவில்லை. கேட்டால், அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். இங்கே அடுக்குமாடியிலும் கதவு எண் எழுதுவதில்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டிய குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார். நான் ஒட்டியிருந்தது ‘ப.’ போட்டு என் பெயரை. அப்படி யாரும் இங்கில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

உடன் தங்கியிருந்த ஜெர்மன் பெண் அப்பாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். பெட்டியில் ஒன்று, அழைப்புமணியில் ஒன்று. படம் எடுத்து அனுப்பினேன். ஈரோட்டுக்கு வடக்கே கொளத்தூர் தாண்டாத மனிதர் அன்றிரவு தானே அழைத்தார்.

“என்ற பேரா அது?”

“ஆமாங்ப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஊட்டு வரி எத்தன போடுவாங்க?”

அதெல்லாம் வராது என்று சிரித்தேன். மூன்று வாரம் கழித்து அப்பா பெயர் போட்ட ஓர் உறை பெட்டியில் கிடந்தது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.