ஒரு சொல்லில் எழுதப்படும் கடன்

வகுப்புகளுக்கிடையிலான பிணைப்பைக் குறைப்பது வடிவமைப்பாளரின் கடமை என்று மென்பொருள் பாடநூல்கள் கற்பிக்கின்றன. 1974இல் ஸ்டீவன்ஸ், மயர்ஸ், கான்ஸ்டன்டைன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை பரவச் செய்த கருத்து இது. ஆனால் அக்கடமையை எளிதாக்குவதிலும் கடினமாக்குவதிலும் நிரல்மொழிக்கு உள்ள பங்கு வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுகிறது. எந்த உறவை ஒரே சொல்லால் எழுதிவிட முடிகிறதோ, அந்த உறவே நிரலில் பெருகும்.

ஜாவாவின் ஸ்டாக் வகுப்பு இதற்குச் சான்று. அடுக்கு என்பது மேலே வைத்து, மேலிருந்தே எடுக்க வேண்டிய அமைப்பு. ஆனால் 1996இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே ஸ்டாக், வெக்டர் வகுப்பின் துணைவகுப்பாக எழுதப்பட்டது. வெக்டரில் எந்த இடத்திலும் ஓர் உறுப்பைச் செருகலாம், எந்த இடத்திலிருந்தும் நீக்கலாம். அவ்வுரிமைகள் அனைத்தும் ஸ்டாக்குக்கும் வந்து சேர்ந்தன. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி எடுத்தாலும் தொகுப்பி தடுப்பதில்லை.

இது வெறும் கவனக்குறைவன்று. 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற சொல் இரு வேறு செயல்களை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது: தாய்வகுப்பின் நிரலைக் கடன் வாங்குவது ஒன்று, தாய்வகுப்பு நிற்கும் இடமெல்லாம் தானும் நிற்பேன் என உறுதியளிப்பது மற்றொன்று. ஸ்டாக்குக்குத் தேவைப்பட்டது முதலாவது மட்டுமே. வெக்டரை உள்ளே மறைத்து வைத்து, வேண்டிய செயற்கூறுகளை மட்டும் வெளிக்காட்டியிருக்கலாம்; அதற்குச் சில வரிகள் கூடுதலாக எழுத வேண்டும். மரபுரிமை, உட்பொதிவைக் குலைக்கக்கூடும் என்று ஆலன் ஸ்னைடர் 1986இலேயே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையைவிட அந்த ஒற்றைச் சொல்லின் வசதி வலிதாயிற்று.

வெளியிடப்பட்ட உரிமையைப் பின்னர் திரும்பப் பெற முடியவில்லை. பெற்றால் அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையும். எனவே 2006இல் ஜாவா 6 வழியாக டெக் என்னும் இடைமுகம் வந்தபோதும் ஸ்டாக் அப்படியே நின்றது. டெக்கையே பயன்படுத்துமாறு ஆவணம் அறிவுறுத்துகிறது.

பிற மொழிகள் இம்முடிச்சை வெவ்வேறு வகையில் அவிழ்க்க முயன்றன. சி பிளஸ் பிளஸ், உறுதிமொழி இல்லாமல் நிரலை மட்டும் பெறும் தனிமரபுரிமைக்கு இடம் தந்தது. கோட்லினில், வெளிப்படையாகத் திறந்துவிட்டாலன்றி ஒரு வகுப்பிலிருந்து வேறொன்றைக் கிளைக்கச் செய்ய முடியாது. உள்ளிருக்கும் பொருளிடம் பணியை ஒப்படைக்கவும் அங்கு 'பை' என்ற ஒரு சொல் போதும். கோ மொழி வகுப்பு மரபுரிமையையே விலக்கியது. இடைமுகத்தின் பெயரைச் சொல்லாமலே ஒரு வகை அதை நிறைவுசெய்யலாம். எனினும் கோவில் ஒன்றைப் பெயரிடாமல் மற்றொன்றினுள் பொதித்தால், உள்ளிருப்பதன் செயற்கூறுகள் வெளியே தோன்றிவிடும். அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு சன்னல்.

ஆய்வு மாணவருக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. சிடம்பர், கெமரர் இருவரும் 1994இல் வரையறுத்த பிணைப்பு அளவீடு, ஒரு வகுப்பு எத்தனை வகுப்புகளோடு தொடர்புற்றுள்ளது என எண்ணுகிறது. தொடர்பின் தன்மையை அது எடைபோடுவதில்லை. ஒரு செயற்கூறை அழைப்பதும் முழு மரபையும் ஏற்பதும் அங்கே ஒரே ஒன்றுதான். வகைப்பெயரை எழுதக் கட்டாயப்படுத்தாத பைத்தானில், நிரலை வாசித்து மட்டுமே எண்ணும் கருவிக்குப் பல தொடர்புகள் கண்ணில் படுவதேயில்லை. செயற்கூறின் பெயரை மாற்றினால், அது இயங்கும்போதுதான் உடைவு தெரியும். ஆகவே இரு மொழிகளின் எண்களை அருகருகே வைத்து, சிறிய எண்ணுக்குரியதே சிறந்த வடிவமைப்பு என்று முடிவுகட்டும் ஆய்வேடு, வடிவமைப்பை அளக்காமல் மொழியின் எழுத்துமுறையை அளந்திருக்கக்கூடும்.

விலங்கு, நாய் என்ற எடுத்துக்காட்டோடு மரபுரிமையை முதற்பாடமாகக் கற்பிக்கும் வகுப்பறைகள், அச்சொல்லின் விலையையும் அன்றே சொல்லிவைப்பது நல்லது. எழுதுபவருக்கு அது ஒரு சொல். கடனை அடைப்பவர் பெரும்பாலும் வேறொருவர். பல ஆண்டுகளுக்குப் பின் அந்நிரலைத் திருத்த அமரும், பெயர் தெரியாத ஒருவர்.