நூலைக் கொடுக்குமுன் ஒரு கேள்வி

நல்ல நூல் நல்ல தோழி என்பார்கள். ஆனால், ஒருத்திக்கு வாய்த்த தோழி எல்லாருக்கும் தோழியாவாளா? இக்கேள்விக்கு விடை காண எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று. அந்த அனுபவத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில், மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியராகிய எங்கள் அறுவரிடமும் நூலகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்புத் தங்கையர்க்கு ஏற்ற நாவல்களைத் தேர்ந்து கொடுப்பது எங்கள் பணி. இதில் என்ன சிரமம் என்று எண்ணினோம். எங்களுக்குப் பிடித்ததை எடுத்து நீட்டினோம். முதல் நூல் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து, எங்கள் பாட்டிமார் காலந்தொட்டு வீடுகளில் கைமாறி வரும் ஐந்து பாகங்கள்! அதை விரும்பாதவரும் உண்டோ?

இருந்தாள் ஒருத்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கை அவள். கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தேறி மலைக்குச் சென்று, பிறகும் நடக்க வேண்டிய ஊர். மூன்றாம் நாளே நூலைத் திருப்பித் தந்தாள். "படிச்சியா?" என்றோம். தலையைக் குனிந்துகொண்டாள். பதிவேட்டில் 'படிக்கவில்லை' என்று சிவப்பு மையால் குறித்தோம். மறுவாரம் முதல் அவள் நூலகத்தின் பக்கமே வரவில்லை. "மலைப் பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம் கடினம்போலும்" என்று எங்களுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டோம். இன்று அதை நினைத்தால் நாணம் மேலிடுகிறது.

பதிவேட்டைப் புரட்டிய நூலகச் சகோதரி, சிவப்பு மையைக் கண்டார். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். 1892-இல் பிறந்த சீர்காழிக்காரர், கணிதப் பேராசிரியராயிருந்து நூலகரானவர், சீ. இரா. அரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலக நூலகர்கள் இன்றும் போற்றுகிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்களாம்!

"அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வாசகரைத் தேடிப் போனார்கள். நீங்கள் பத்தடி நடந்து அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார் சகோதரி.

அன்று மாலையே விடுதித் திண்ணையில் அவளருகே அமர்ந்தோம். வெகுநேரம் தயங்கியபின் சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஏரி வருது, குதிர வருது, ராசா வர்றாங்க. எங்க மலைச் சனம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல."

எங்களுக்குப் பேச்செழவில்லை. அவள் படிக்காமலில்லை, தேடிப் படித்திருக்கிறாள்!

சகோதரியின் உதவியோடு கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்' நாவலைத் தேடிப் பெற்றோம். கொல்லிமலைப் பழங்குடி மக்களின் வாழ்வையும் போராட்டத்தையும் சொல்வது அது. இளையோர்க்கென எழுதப்பட்டதன்று, ஆகவே சில பகுதிகளை அவளோடு சேர்ந்தே படித்தோம். நாங்கள் தடுமாறிய இடங்களில் அவளே எங்களுக்கு ஆசிரியையானாள். சாமை அறுப்பும் கடுக்காய் பொறுக்குவதும் அவள் வாய்மொழியில் உயிர்பெற்றன. சிவப்பு மைக் குறிப்பை நாங்களே அடித்தோம்.

அடுத்து வந்தது பெரிய சோதனை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமியின் பால சாகித்ய விருது பெற்ற நூல். பேசும் மரப்பாச்சி, தகாத தொடுதலைப் பற்றி வாய்திறக்க ஒரு சிறுமிக்குத் துணிவூட்டுகிறது. 'இதைத் தங்கையர்க்குக் கொடுக்கலாமா? பெற்றோர் என்ன நினைப்பார்கள்?' என்று எங்களுள் மூவர் தயங்கினோம். பூட்டிய அலமாரியில் வைத்து, கேட்பவர்க்கு மட்டும் தரலாம் என்றோம். சகோதரி ஒரே இரவில் நூலைப் படித்து முடித்தார். காலையில், "பூட்டி வைத்தால், தேவைப்படுகிறவள் கேட்கவே மாட்டாள்" என்று சொல்லித் திறந்த அடுக்கில் வைத்தார். கடைசிப் பக்கத்தில் 1098 என்ற சிறார் உதவித் தொலைபேசி எண்ணையும் ஒட்டினார்.

சில வாரங்களுக்குப்பின் ஒரு மாலை, ஒரு சிறுமி அந்நூலை மார்போடு அணைத்தபடி நின்றாள். "சிஸ்டர் கிட்ட மட்டும் பேசணும்" என்றாள். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. அந்த நூல் பூட்டுக்குள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் மட்டும் இன்றும் எங்களை உறங்கவிடுவதில்லை.

இப்போது எங்கள் வழக்கம் மாறிவிட்டது. நூலைக் கொடுக்குமுன், 'உனக்கு என்ன கதை வேண்டும்?' என்று கேட்கிறோம். பள்ளியே பிடிக்கவில்லை என்பவளுக்கு, சப்பானியச் சிறுமியின் பள்ளி நாள்களைக் கூறும் 'டோட்டோ-சான்'. பழங்காலம் பிடித்தவளுக்கு, கீழடியைக் களமாகக் கொண்டு 2023-இல் பால சாகித்ய விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. பிடிக்காவிட்டால் தாராளமாகத் திருப்பித் தரலாம். காரணத்தை மட்டும் சொல்லவேண்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் மகள் கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால், "பாடத்தைப் படி" என்று பறித்துவிடாதீர்கள். "என்ன கதை, சொல்லேன்" என்று அருகில் அமருங்கள். வேறு எவரிடமும் சொல்லமுடியாத ஒன்றை அவள் அப்போது சொல்லக்கூடும்.

மலைத் தங்கை இப்போது எங்கள் குழுவில் ஏழாமவள். 'பொன்னியின் செல்வ'னை அவள் இன்னும் எடுக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. அது அடுக்கில் காத்திருக்கட்டும்.

நூலகக் குழு மாணவியர்,
மேல்நிலை முதலாம் ஆண்டு