நிரப்புவதும் மாற்றுவதும்



இந்த வாரம் ஒரு பழைய காரைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சபையின் மூப்பர் ஒருவர் நெடுங்காலமாக ஒரே மாருதி 800 காரை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ஆலயம், ஆலயத்திலிருந்து சந்தை. அதற்கு மேல் அது ஓடுவதில்லை. கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளைக் குன்னூருக்கு அழைத்துச்செல்ல அவர் எண்ணியபோது, பிரேக் ஆயிலை மாற்றவேண்டும் என்று மெக்கானிக் தம்பி சொன்னார். "ஓடாத வண்டிக்கு எதற்குத் தம்பி? அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்றார் மூப்பர். அளவு சரியாகத்தான் இருந்தது. நிறமோ கருப்பட்டிக் காப்பியைப் போலிருந்தது.

ஆயில் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். வண்டி ஓடினாலும் நின்றாலும், ரப்பர் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவேதான் கிலோமீட்டரைப் பார்க்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்கிறார்கள். டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

சமவெளியில் இதனால் ஒன்றும் தெரிவதில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கவேண்டும். கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பி வருகிறவரின் சக்கரங்களில் வெப்பம் ஏறுகிறது. திரவத்திலுள்ள நீர் ஆவியாகிறது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். மிதித்த பெடல் தடையின்றித் தரைவரை போய்விடும். வண்டி ஆறிய பிறகு பெடல் பழையபடி நன்றாயிருக்கும் என்பதுதான் விந்தை. பழுது ஒன்றும் இல்லை என்றே சொல்லத் தோன்றும்.

"அப்படியானால் கொஞ்சம் புதியதை மேலே ஊற்றிவிடு" என்றார் மூப்பர். தம்பி மறுத்துவிட்டார். மேலே ஊற்றுவது பழையதை வெளியேற்றாது. சக்கரத்தருகே வெப்பம் தாக்கும் இடத்தில் பழையதே நிற்கும். அளவு குறைந்திருந்தாலும், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்கேனும் கசிவு உண்டா என்று பாராமல் நிரப்பினால், எச்சரிக்கையை நாமே மறைத்தவர்களாவோம்.

பிரியமானவர்களே, அந்த மறுமொழி என் மனதில் தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் நாம் செய்வதும் பெரும்பாலும் மேலே ஊற்றுவதுதானோ? பாகப்பிரிவினையில் பிறந்த கசப்பை அடியில் வைத்துக்கொண்டே பாடுகிறோம், காணிக்கை படைக்கிறோம், திருவிருந்தில் பங்குபெறுகிறோம். நாட்கள் சமவெளியாக இருக்கும்வரை குறை தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆலயத்தில் ஆராதித்த சகோதரர்கள், தாயின் அடக்க நாளில், பெட்டியை முதலில் யார் தொடுவது என்று வாய்ச்சண்டையிட்டதை நான் கண்டிருக்கிறேன். அன்றுதான் அவர்களுக்கு இறக்கம் வந்தது.

மாற்றும் வேலையைத் தனியாளாகச் செய்ய அந்தப் பட்டறையில் கருவி இல்லை. அன்று பெடலில் கால் வைத்தவன் நான். சக்கரத்தின் அருகே படுத்திருந்த தம்பி "அழுத்துங்கள், பிடியுங்கள்" என்பார், நிப்பிளைத் திறப்பார், கறுத்த திரவம் வடியும், நிப்பிளை மூடிய பின்னரே "விடுங்கள்" என்பார். அவசரப்பட்டுக் காலை எடுத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். நான்கு சக்கரங்களிலும் தெளிந்த திரவம் வரும்வரை நெடுநேரம் ஆயிற்று. வண்ணப்பூச்சின்மேல் ஒரு துளி சிந்தியதையும் உடனே நீரூற்றிக் கழுவினார். விட்டால் பூச்சு உரிந்துவிடுமாம்.

தாவீது ராஜாவை நினைத்துக்கொண்டேன். உரியா மாண்டுபோனான், பத்சேபாளுக்குப் பிள்ளையும் பிறந்தது, அவ்வளவு காலமும் தாவீது சிங்காசனத்தில்தான் இருந்தான். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் சொன்னபோதுகூட, பிறனைக் குறித்து நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லும் திறன் அவனிடம் குறையவில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவர மற்றொரு மனிதன் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆண்டவர் அந்த மனிதனை அனுப்பினார்.

நமக்கு நாத்தான்கள் குறைவு என்பது என் எண்ணம். போதகர்களாகிய நாங்களும் வீடு சந்திக்க வரும்போது காப்பி அருந்தி, ஜெபித்து, எழுந்துவிடுகிறோம்.

மூப்பர் மூடியின்மேல் அன்றைய தேதியை எழுதி ஒட்டிவிட்டார். அடுத்த வாரம் குடும்பத்தோடு மலைக்குப் புறப்படுகிறார். அவர்கள் பயணத்திற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஆலயத்தின் பின்னறையில் இருப்பேன். தனியே பேச விரும்புகிறவர்கள் வரலாம். சகோதரனோடு சேர்ந்து வர விரும்பினால், நேரம் பாராமல் காத்திருப்பேன்.