அரண் என்னும் பெயருடைய ஊர்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், இர்வெல் ஆற்றங்கரையில், பெரி என்னும் சந்தை நகரம் உள்ளது. மான்செஸ்டர் மாநகருக்கு வடக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர் அது. பெரி என்ற பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் அரண் என்பது பொருள். இன்று அங்கே மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை இல்லை. ஆயினும் அப்பெயர் அவ்வூருக்குப் பொருந்தாதது அன்று. ஊராரின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

ஊரின் நடுவே இராபர்ட் பீல் என்பவரின் சிலை நிற்கிறது. 1788-இல் அவ்வூரில் பிறந்த பீல், 1829-இல் இலண்டன் மாநகரக் காவற்படையை நிறுவியவர். இருமுறை பிரிட்டனின் தலைமை அமைச்சராக விளங்கியவர். சிறிது தொலைவில் ஜான் கே என்பவரின் நினைவு மண்டபம் உள்ளது. 1733-இல் அவர் கண்டறிந்த பறக்கும் நாடா, தறியின் வேகத்தைப் பன்மடங்கு பெருக்கியது. உலகிற்கு ஆடை பெருக வழிகாட்டிய அவரோ பெரும்பொருள் ஈட்டாமலே பிரான்சு நாட்டில் மறைந்தார். 1908-இல் எழுந்த அம்மண்டபம் ஊராரின் காலந்தாழ்ந்த நன்றிக்கடனாகும்.

நூலும் துணியும் பெருகவே போக்குவரத்தும் பெருகியது. 1846-இல் அவ்வூருக்கு இருப்புப்பாதை வந்தது. காலப்போக்கில் சாலை வண்டிகள் மிகுந்தன; வடக்கே ராட்டன்ஸ்டால் செல்லும் பயணிகள் வண்டி 1972-இல் நின்றது. 1980-இல் பேருந்தும் புகைவண்டியும் ஓரிடத்திற் கூடும் புதிய நிலையம் திறக்கப்பட்டது. பழைய போல்ட்டன் தெரு நிலையம் வெறிச்சோடியது. ஆனால் ஆர்வலர் சிலர் அப்பாதையைக் கைவிட மனம் ஒப்பவில்லை. ஊதியம் கருதாது அவர்கள் உழைத்ததன் பயனாக, 1987-இல் அப்பழைய நிலையத்திலிருந்து நீராவி வண்டி மீண்டும் புறப்பட்டது. 1992-இல் புதிய நிலையத்திலிருந்து மான்செஸ்டருக்கு டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. இவ்வாறு பழமையும் புதுமையும் ஒரே ஊரில் அருகருகே இயங்கலாயின.

இதனினும் கடுமையான சோதனை ஒன்று பின்னர் வந்தது. 1885-இல் தோன்றிய பெரி கால்பந்துக் கழகம் ஊராரின் உயிர் போன்றது. கிக் லேன் என்னும் திடலே அதன் தாயகம். இங்கிலாந்தின் பெரும்புகழ் வாய்ந்த எப்.ஏ. கோப்பையை அக்கழகம் 1900-இலும் 1903-இலும் வென்றது. 1903-இல் டெர்பி கழகத்தை 6-0 என்ற கணக்கில் வீழ்த்திய வெற்றியை, இறுதியாட்டங்களில் 2019 வரை எக்கழகமும் எட்டவில்லை. அதே 2019-ஆம் ஆண்டில், மேல்நிலைக்கு உயரும் தகுதி பெற்ற சில திங்களுக்குள், பொருள் நெருக்கடியால் அக்கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1894 முதல் 125 ஆண்டுகள் நீடித்த உறவு அற்றது. தந்தையும் பாட்டனும் சென்று அமர்ந்த திடலின் வாயில் பூட்டப்பட்டது.

ஊரார் வருந்தினர், வருந்தியதோடு நில்லாது செயலிலும் இறங்கினர். சிலர் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கி, மிகத் தாழ்ந்த படியிலிருந்து ஆடச் செய்தனர். வேறு சிலர் நன்கொடையும் அரசின் நிதியும் கொண்டு 2022-இல் திடலை மீட்டனர். இரு சாராரும் ஒன்றாவது எளிதாக இருக்கவில்லை. 2022-இல் நடந்த வாக்கெடுப்பில் போதிய ஆதரவு கிட்டவில்லை. நோக்கம் ஒன்றாயினும் வழி வேறுபட்டால் நல்லவரும் பிரிந்து நிற்பர் என்பதற்கு அது சான்று. எனினும் அவர்கள் பேச்சை முறிக்கவில்லை. அடுத்த ஆண்டில் இரு சாராரும் இசைந்தனர். 2023-இல் கழகம் பழைய பெயருடன் கிக் லேனுக்குத் திரும்பியது.

அங்கே ஆடிய ஆட்டம் முன்போல் உயர்நிலை ஆட்டம் அன்று. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்கள் கோப்பையை நாடி வந்தவர் அல்லர். தமக்குரியதைத் தாமே மீட்ட மகிழ்ச்சியை நாடி வந்தவர். கல்லால் எழுப்பிய கோட்டை காலத்தால் சிதையும். இழந்ததை மீட்கக் கூடி உழைக்கும் மக்களின் ஒற்றுமையே ஓர் ஊருக்கு உண்மையான அரண் ஆகும்.