அரை சென்டிமீட்டர்

தேன் பெட்டி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "என்ன மரம்?" என்றுதான். தேக்கு என்றால் முகம் மலரும், ரப்பர் என்றால் சுருங்கும். விரலை மடக்கி இரண்டு தட்டு, விலையில் நூறு ரூபாய் குறைப்பு, பெட்டி வண்டியில் ஏறிவிடும். உள்ளே தொங்கும் சட்டத்தை வெளியே எடுத்துப் பார்ப்பவர் குறைவு; அதை அளந்து பார்ப்பவர் அதைவிடக் குறைவு. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒருவர் கொல்லையில் நான்கு இடங்களிலிருந்து வந்த பெட்டிகள் ஒரே வேப்பமரத்தடியில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியது அதனால்தான். பங்குனி பிறந்திருந்தது. வேம்பு பூ எடுக்கும் நேரம். வெயில் ஏறும் நேரமும் அதுவே என்பதால், பெட்டியின் லட்சணம் வெளியே வர அதைவிட நல்ல காலம் கிடையாது.

செஞ்சியிலிருந்து போகும் திருவண்ணாமலை சாலை, கோட்டை மலைகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே புகுந்து போகிறது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குத் தேனீ என்றால் உயரத்தில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ. அண்ணாந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள், ஒதுங்குவது நல்லதும்கூட. வெட்டவெளியில் ஒரே அடை கட்டும் அந்த இனத்தைப் பெட்டியில் குடிவைக்க முடியாது. பெட்டிக்கு ஒத்துவருவது புற்றிலும் மரப்பொந்திலும் இருட்டுக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டும் அடுக்குத்தேனீ. இந்தியத் தேனீ என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

நான் பார்க்கப் போனவர் மல்லாட்டையும் (வேர்க்கடலை) தர்பூசணியும் போடுகிறவர். மல்லாட்டைக்குத் தேனீயின் தயவு தேவையில்லை, தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். தர்பூசணிக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராத கொல்லையில் பிஞ்சு வெம்பி விழும், நின்ற காய் கோணலாகும். தேனுக்காக இல்லாமல் காய்க்காகத்தான் அவர் முதல் பெட்டியை வாங்கியிருக்கிறார். வேம்பு, புங்கன், புளி என்று பூ அடுத்தடுத்து வருவதால் தேனும் கிடைக்கும் என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

"வாங்க தம்பி, நாலு சம்பந்தி வீட்டையும் ஒண்ணா பாத்துடலாம்" என்றார்.

முதல் பெட்டி மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு பட்டறையில் செய்தது. இரண்டாவது, மானியத்தில் வந்தது. மூன்றாவது, போனில் படம் பார்த்துப் பணம் கட்டி வரவழைத்தது. நான்காவது, செஞ்சியிலேயே ஒரு ஆசாரி செய்துகொடுத்தது. மூன்றாவதன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல மரம், அழகான இழைப்பு, மூலையில் பல் வெட்டிக் கோத்த வேலை. ஆனால் அது இத்தாலியத் தேனீக்கான பத்துச் சட்டப் பெட்டி. சட்டம் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம். பொந்திலிருந்து பிடித்த நம் ஊர்க் கூட்டம் அதற்குள் போனால், கல்யாண மண்டபத்தில் குடித்தனம் வைத்த புதுத் தம்பதி மாதிரி ஒரு மூலையில் ஒண்டிக்கிடக்கும். மீதி இடத்தை மெழுகுப்பூச்சி எடுத்துக்கொள்ளும். விற்றவர் பொய் சொல்லவில்லை. எந்தத் தேனீக்கு என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அதில் இப்போது புகைப்பானும் முகவலையும் குடியிருக்கின்றன.

மற்ற மூன்றும் நியூட்டன் பெட்டி என்ற பெயரில் வந்தவை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தேனீ தன் அடைகளுக்கு நடுவே நடந்துபோக ஒரு சந்து விடும். அந்தச் சந்தின் அளவை மதித்துப் பெட்டி செய்தால் சட்டத்தைத் தனியே தூக்கி எடுக்கலாம் என்று 1851இல் கண்டுகொண்டவர் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத். இன்று உலகமெங்கும் இருக்கும் சட்டப் பெட்டிகளுக்கு அடிப்படை அதுதான். நம் தேனீ உருவத்தில் சிறியது, கூட்டமும் சிறியது. அதற்கேற்றபடி சின்னப் பெட்டியை 1910 வாக்கில் வடிவமைத்தவர் தென்னிந்தியாவில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன். கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஊரக மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக நிலைநிறுத்தினார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெட்டி வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊர்தான்.

நியூட்டன் பெட்டியில், குஞ்சு வளரும் கீழ் அறையான புழு அறையின் சட்டத்துக்கு உள்ளளவு 20.5 சென்டிமீட்டர் நீளம், 14.5 சென்டிமீட்டர் உயரம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு, தேன் பெட்டிக்கு என்று 1515 எண்ணிட்ட தரத்தை வகுத்தபோது, நியூட்டனை ஒட்டிய ஏ வகைச் சட்டத்துக்கு 21 சென்டிமீட்டர் நீளம் கொடுத்தது. உயரம் அதே 14.5. இரண்டையும் சந்தையில் நியூட்டன் பெட்டி என்றே விற்கிறார்கள். வித்தியாசம் அரை சென்டிமீட்டர். கதவு நிலையிலோ கட்டிலிலோ அரை சென்டிமீட்டரை ஆசாரி ஒரு சிராயை வைத்து மறைத்துவிடுவார். தேன் பெட்டியில் மறைக்க முடியாது.

கொல்லைக்கார அண்ணன் புகைப்பானை இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, மார்த்தாண்டத்துப் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தைத் தூக்கினார். வெண்ணெய் நிறத்தில் மூடிய புழு, ஓரத்தில் மகரந்தம், மேலே ஒரு விரற்கடை தேன். அதை மானியப் பெட்டியில் இறக்கிக் காட்டினார். சட்டத்தின் காது பள்ளத்தில் உட்கார்ந்தது, ஆனால் நுனியில். லேசாக ஆட்டினால் விழுந்துவிடும். பக்கத்துச் சந்து இரு புறமும் கால் சென்டிமீட்டர் கூடிவிட்டது. நம் தேனீக்கு அந்தச் சந்து 7இலிருந்து 9 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் அது வழி இல்லை, காலியிடம்; தேனீ அதில் குறுக்கே அடை கட்டிவிடும். அடுத்த முறை சட்டத்தைத் தூக்கும்போது அந்த அடை கிழியும், தேன் வடியும், வாசனைக்கு எறும்பு வரும். குறைந்தாலோ, போகமுடியாத இடுக்கை மெழுகால் ஒட்டிவிடும். சட்டத்தை நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஒரு கூட்டம் பலவீனமானால் பக்கத்துப் பெட்டியிலிருந்து புழுச்சட்டம் ஒன்றை மாற்றி வைத்துத் தேற்றுவது வழக்கம். அரை சென்டிமீட்டர் அந்த வைத்தியத்தையே தடுத்துவிடுகிறது.

"ரெண்டு கடையில வாங்குனா ரெண்டு சாதி ஆயிடுது தம்பி. பொண்ணு குடுக்க முடியல, எடுக்க முடியல" என்றார். சாதியை வைத்துச் சொன்ன உவமை இவ்வளவு பொருந்துகிறதே என்று எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மானியப் பெட்டியின் குறை அளவோடு நிற்கவில்லை. பலகை மெலிது, இழைப்பதற்கு முன் சரியாகக் காய்ந்ததும் இல்லை. ஒரு கோடை தாண்டியதும் மூலை விரிந்து, ஆணி தெரிய நின்றது. அந்த விரிசல்தான் மெழுகுப்பூச்சிக்கு முட்டையிடும் இடம். கூட்டுக்குள் குஞ்சு வளர 34, 35 டிகிரி வெப்பம் வேண்டும். வெளியே நாற்பதைத் தொடும் நாளில், மெல்லிய பலகைக்குள் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து சிறகடித்துக் குளிர்விப்பதிலேயே பொழுதைக் கழிக்கும். பூவுக்குப் போக ஆள் இருக்காது. அடுக்குத்தேனீக்குப் பொறுமையும் கம்மி. சூடு, எறும்பு, பூச்சி எது எல்லை மீறினாலும் ராணியோடு மொத்தமாகக் கிளம்பிவிடும். "போன சித்திரையில காலையில வந்து பாத்தா பொட்டி காலி. ஓடிப்பூடுச்சி" என்று அவர் சொன்னது இந்தப் பெட்டியைப் பற்றித்தான். விலையில் பெரும்பகுதியை அரசு கொடுத்துவிட்டதால் அது இலவசம் போலத் தெரியும். ஓடிப்போன கூட்டத்தையும் அந்தப் பருவத்துத் தேனையும் சேர்த்தால், நான்கிலும் அதிக விலை அதற்குத்தான் விழுந்திருக்கிறது.

மார்த்தாண்டத்துப் பெட்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. சட்டங்கள் எதை எடுத்து எதன் இடத்தில் வைத்தாலும் உட்காருகின்றன. மேல்மூடி இரு பக்கமும் சரிந்து, காற்றுத் துளைகளுக்குக் கம்பிவலை அடித்து, நியூட்டன் பெட்டியின் இலக்கணப்படி இருக்கிறது. ஆனால் வண்டி வாடகை சேர்ந்தால் விலை கூடும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த ஊரில் ரப்பர் துளிர்விடும் தை, மாசி, பங்குனியில் இலைக்காம்பிலேயே தேன் சுரக்கும். ஒரே வரத்தில் தேன் அறை நிரம்பும். நமக்கு அந்த வரத்து கிடையாது. அங்கே ஒரு பருவத்தில் பெட்டிக் காசு திரும்பும் என்ற கணக்கை செஞ்சிக்குக் கொண்டுவந்தால் பொய்த்துப்போகும். விலை உயர்ந்த பெட்டி அங்கே நியாயம் என்பதால் இங்கேயும் நியாயம் ஆகிவிடாது.

நான்காவது பெட்டியைச் செய்தவரைப் பார்க்க ஊருக்குள் வந்தோம். திண்டிவனம் சாலைப் பக்கம் சிறிய பட்டறை. கல்யாணக் காலத்தில் கட்டில், மற்ற நாளில் கதவு, ஜன்னல். வேலை இல்லாத நாளில்தான் தேன் பெட்டி. நிலைக்கதவில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை ஒதுக்கி வைத்திருக்கிறார். வைரப் பகுதி பெட்டிக்கு, வெளிறு அடுப்புக்கு. மாம்பலகையைத் தொடமாட்டாராம், உளுத்துப்போகும். வேப்பம்பலகையும் வேண்டாம் என்கிறார், வாடை. உள்பக்கம் பெயின்ட் அடிக்கச் சொல்லி யாராவது கேட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவார்.

அவரிடம் விலை கேட்டபோதுதான் இந்தத் தொழிலின் கணக்கு எனக்குப் பிடிபட்டது. "பொட்டியில என்னா சார் வேல இருக்கு? நாலு பலக, அடி, மூடி. அரை நாளு. சட்டம்தான் உயிரெடுக்கும்" என்றார். கீழே புழு அறையில் ஏழு சட்டம், மேலே தேன் அறையில் ஏழு சட்டம். ஒவ்வொன்றுக்கும் மேல்கட்டை, கீழ்க்கட்டை, இரண்டு பக்கக்கட்டை. ஆக 56 துண்டுகள்; எல்லாவற்றையும் அதனதன் அளவு பிசகாமல் அறுத்து, இழைத்து, மூலைமட்டம் வைத்துக் கோக்க வேண்டும். மலிவாக விற்கிறவர் எங்கே கை வைப்பார் என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை. வெளிப்பலகை கண்ணுக்குத் தெரியும், அதில் ஏமாற்ற முடியாது. சட்டத்தில் ஏமாற்றலாம். மரத்தைத் தட்டிப் பார்க்கும் நம் பழக்கம்தான் அவருக்கு மூலதனம்.

ஆசாரிக்கு நியூட்டனும் தெரியாது, 1515ஆம் எண்ணும் தெரியாது. அண்ணன் கொண்டுவந்து கொடுத்த மார்த்தாண்டத்துச் சட்டம் ஒன்று சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதுதான் அவருடைய தரச்சான்று. செய்த ஒவ்வொரு சட்டத்தையும் அதன்மேல் வைத்துப் பார்த்துத்தான் ஓரமாக அடுக்குகிறார். அவர் செய்த பெட்டியில் நான் டேப்பை வைத்தேன்: 20.5, 14.5. மேல்மூடிச் சரிவு கொஞ்சம் கோணல், கம்பிவலைக்குப் பதில் கொசுவலைத் துணி. அதைக் கறையான் விடுமா, எலி விடுமா என்பது வேறு கதை. இருந்தாலும் பெட்டிக்குள்ளே இருந்த கூட்டம், மார்த்தாண்டத்துப் பெட்டியில் இருந்ததைவிட ஒரு சட்டம் அதிகமாக நிரப்பியிருந்தது. கூட்டத்தின் வலு ராணியையும் பொறுத்தது, ஆகவே அதைப் பெட்டியின் சான்றாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் பெட்டி அதற்குத் தடையாக இல்லை என்பது தெரிகிறது. மூடியில் ஒரு சின்னப் பழுது என்றால் சைக்கிளில் எடுத்துப்போய் அன்றே சரிசெய்துகொள்ளலாம். இந்த வசதிக்கு எந்த விலைப்பட்டியலிலும் இடம் இல்லை.

பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து பைப்புழு நோய் தென்னிந்தியாவில் அடுக்குத்தேனீக் கூட்டங்களைப் பெருவாரியாக அழித்தது. எந்தக் கூட்டம் என்ன நோயில் போனது என்று தெரியாமல் அதன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதை நான் ஒப்பமாட்டேன்.

என் முடிவு இது. செஞ்சியில் புதிதாகத் தொடங்குகிறவர் மார்த்தாண்டத்திலிருந்து ஒரே ஒரு நல்ல பெட்டியை வரவழைக்கட்டும். அதன் சட்டத்தை மாதிரியாகக் கொடுத்து, மீதியைக் காய்ந்த மரத்தில் உள்ளூர் ஆசாரியிடம் செய்துகொள்ளட்டும். 20.5 என்றால் கடைசிவரை 20.5, 21 என்றால் கடைசிவரை 21. ஒரு கொல்லையில் இரண்டு அளவு வேண்டாம். திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது; பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதில் நஷ்டமில்லை.

மானியத்தில் பெட்டி வழங்குகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. பெட்டியின் முன்பலகையில் திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பெயின்டில் எழுதி அனுப்புகிறீர்கள். அதற்குக் கீழே, எந்தத் தேனீக்கான பெட்டி என்பதையும் சட்டத்தின் உள்ளளவையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.