கார்ச் சாவி என்னிடம்!

திராட்சை மது ருசி பார்ப்பதற்கென்று ஓர் உல்லாசப் பிரயாணமா? கேட்டவுடனே முகத்தைச் சுளிக்கும் சகோதரிகளில் நானும் ஒருத்திதான். எங்கள் தாய்வழிப் பாட்டனார் இரண்டு வேலி நஞ்சையைச் சீசாவிலேயே கரைத்துவிட்டுப் போனவர். அம்மா பிறந்த வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆகையால், "பாரிஸ் வரைக்கும் போகிறோமே, மூன்று நாள் ஒதுக்கிப் பர்கண்டியையும் பார்த்துவிட்டு வரலாமா?" என்று என் கணவர் மெல்ல ஆரம்பித்தபோது, நான் லேசில் தலையாட்டி விடவில்லை. நிபந்தனைகள் போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான். ருசி பார்க்கலாம், குடிக்கக் கூடாது. கார்ச் சாவி என்னிடம் இருக்கும். பதினான்கு நிலவறைகளின் பெயரை எழுதி வைத்திருந்தார், பாவம்! அது நான்காகச் சுருங்கியது.

முதல் நாள் ரயில். பாரிஸில் லியோன் ஸ்டேஷனில் காலை வண்டியைப் பிடித்தால், ஒன்றரை மணிக்குச் சற்று மேலே திஜோன் நகரம் வந்துவிடுகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் கணிசமாக மிச்சம். திஜோன் கடுகு விழுதுக்குப் பேர் போனது. ஆனால் அந்தக் கடுகில் பெரும் பகுதி கானடாவிலிருந்து வருகிறதாம்! 2021-ல் அங்கே மழை பொய்த்ததால், மறு வருஷம் பிரான்ஸ் தேசத்துக் கடைகளில் கடுகு விழுதுக்கே பஞ்சம் வந்துவிட்டது. மத்தியானம் ஒரு சின்ன ரயில் ஏறினால் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய, போன். டெலிபோன் இல்லை, ஊரின் பெயரே அதுதான்!

அன்று எந்த நிலவறையிலும் நுழையவில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1443-ல் நிக்கொலா ரொலான் என்ற மந்திரியும் அவர் மனைவி கிகோனும் ஏழைகளுக்காகக் கட்டியது. கூரையில் வர்ண ஓடுகள் கோலம் போட்டது போலப் பளபளக்கின்றன. நீண்ட கூடத்தில் இரு மருங்கும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். 1971 வரையில் இங்கே நோயாளிகள் இருந்தார்களாம். தரை ஓடுகளில் ஒரு நட்சத்திரமும் 'ஒருத்தியே' என்ற சொல்லும் பதித்திருக்கின்றன. தன் வானத்தில் நட்சத்திரம் மனைவி ஒருத்தியே என்று ரொலான் பொறித்து வைத்தது. (கிகோன் அவருக்கு மூன்றாம் தாரம் என்பது வேறு விஷயம்!) அவர் காலமான பிறகு அந்த அம்மாள் இங்கேயே நோயாளிகளைக் கவனித்துக் கொண்டிருந்து, இங்கேயே அடக்கமானாள்.

ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் தர்மமாக எழுதி வைத்தவை என்ன தெரியுமா? திராட்சைத் தோட்டங்கள். அந்த மதுவை 1859 முதல் ஏலம் போடுகிறார்கள். இப்போது நவம்பர் மாதம் மூன்றாவது ஞாயிறன்று நடக்கிறது. பணம் வைத்தியத்துக்கு. நிலத்தைக் கரைத்த சீசாவைத்தான் நான் அறிவேன். நிலத்திலிருந்து வந்த சீசா ஆஸ்பத்திரி நடத்துவதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் சைக்கிள். போன் நகரிலிருந்து தெற்கே சாந்த்னே வரை தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே சுமார் 22 கிலோமீட்டர் பாதை. பொமார், வொல்னே, மெர்ஸோ என்று வரிசையாகக் கிராமங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. இந்தப் பகுதியைக் காரில் பார்த்தால் பாதி விஷயம் நழுவிவிடும். சரிவு எங்கே ஏறுகிறது, எங்கே சமதளமாகிறது என்று முழங்கால்தானே சொல்லும்? மதுவின் தரமும் அதே சரிவில்தான் இருக்கிறது. நம் காவேரிக் கரைக் கணக்கு இங்கே செல்லாது. கீழே வண்டலும் ஈரமுமாக இருக்கும் கொழுத்த மண்ணில் காய்ப்பு அதிகம், சாரம் குறைவு. அது மட்ட ரகம். சரிவின் நடுவே, சுண்ணாம்புக் கல் கலந்த மெலிந்த மண்தான் உசத்தி. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என்று பெரும்பாலும் இரண்டே திராட்சை ஜாதிகள். ஆனாலும் வரப்பு தாண்டினால் வேறு ருசி, வேறு பெயர், வேறு விலை! இப்படிப் பெயர் பெற்ற துண்டு நிலங்கள் 1,247. இவற்றை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

மெர்ஸோவில் ஒரு தோட்டக்காரரிடம் முன்பே எழுதி நேரம் வாங்கியிருந்தோம். சிறிய இடங்களில் அப்படித்தான் செய்ய வேண்டும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள். பல இடங்களில் ஞாயிறு விடுமுறை. அறுவடைச் சமயத்தில் போய் நின்றால் அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் ஏமாற்றம். மே, ஜூன் நல்ல மாதங்கள்.

குளுகுளுவென்ற நிலவறை. கிளாஸில் ஒரு விரல் அளவு ஊற்றினார். சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்து நாலு புறமும் புரட்டிவிட்டு, பக்கத்திலிருந்த வாளியில் சுத்தமாகத் துப்பினார். ஆமாம், துப்பினார்! அதுதான் இங்கே மரியாதை; தொழில் தெரிந்தவர் என்பதற்கு அடையாளம். என் கணவரும் தயங்கித் தயங்கித் துப்பியதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல! எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். உதட்டில் வைக்கவில்லை, மூக்கில் வைத்தேன். எலுமிச்சைத் தோல், வெண்ணெய், வறுத்த முந்திரி. தினம் தாளிக்கிற மூக்கல்லவா! என் கணவருக்கு அன்று பூராவும் முந்திரி வாசனை தட்டுப்படவே இல்லை.

ஒரு விஷயம்: இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் சாராயம் என்ற வரம்பு அங்கே சைக்கிள்காரருக்கும் உண்டு. ஆகவே வாளி வெறும் நாகரிகத்துக்காக மட்டுமல்ல. சாந்த்னேயிலிருந்து சில கிலோமீட்டரில் ஷான்யி ஸ்டேஷன். அங்கே சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டோம். கால் வலித்தது இருவருக்கும்தான். அவர்தான் வாய்விட்டுச் சொன்னார்.

மூன்றாம் நாள் வாடகைக் கார், வண்டி ஓட்டியது நான். சர்வதேச லைசென்ஸை ஊரிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் வலப்புறம் போக வேண்டும் என்பது முதல் அரை மணிக்குத்தான் பயம். வடக்கே வூஜோவில் ஸிஸ்டர்ஸியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்த தோட்டம் இருக்கிறது. அவர்கள் திராட்சை பிழிந்த மர யந்திரங்கள் வீடு மாதிரிப் பெரியவை. மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர். இன்று ஏறக்குறைய எண்பது சொந்தக்காரர்கள். பாகப்பிரிவினை எந்தத் தேசத்தைத்தான் விட்டது? அடுத்த கிராமத்தில் ரொமானே கோன்த்தி. நாலரை ஏக்கர்தான், ஒரு சீசா பல லட்சம் ரூபாய். தாழ்ந்த சுவர், ஒரு கல் சிலுவை, உள்ளே நுழைய வேண்டாம் என்று ஒரு பலகை. சுவருக்கு வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. என் கணவர் கால் மணி நேரம் நின்றார்.

சிறு தோட்டக்காரர் ருசி பார்க்கக் கொடுத்தால் ஒன்றிரண்டு சீசாவாவது வாங்குவது முறை. இரண்டு வாங்கினோம். என் பருத்திப் புடவைகளில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து, சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. ஒன்று அவருடைய சிநேகிதருக்குப் போய்விட்டது. இன்னொன்று அலமாரியில் படுத்திருக்கிறது. பத்து வருஷம் வைத்தால் இன்னும் உசத்தியாகும் என்று தோட்டக்காரர் சொன்னதை, என் கணவரைவிட நான்தான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.