கொழும்பில் ஓர் இராச்சாப்பாடு

ஐந்து மூட்டை மொட்டைக்கறுப்பன் அரிசி, பனையோலைப் பெட்டிகள், ஒடியல் மா, நான்கு அக்காமார், நான். இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு 2024 ஆவணியில் ஒரு வான் பூநகரியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. பெண்களின் உற்பத்திப் பொருட்களுக்கான இரண்டு நாட் கண்காட்சி அது.

அக்காமாரில் மூவருக்கு அதுதான் முதற் கொழும்புப் பயணம். நான்காமவர் முன்பு இரண்டு தரம் வந்தவர். 2009 இற்குப் பிறகு கணவரைத் தேடிக் கடிதங்களோடு வந்து, அலுவலக வாசல்களை மட்டும் பார்த்துவிட்டு அன்றிரவே பஸ் ஏறித் திரும்பியிருக்கிறார். கொழும்பில் கடல் இருப்பதைக் கேள்விப்பட்டதோடு சரி. இப்போது அவர் கடற்கரை வாடியொன்றில் நண்டு தரம் பிரிக்கிறார். நாளுக்கு 1,500 ரூபா கூலி.

அரிசி முதல் நாளே விற்றுத் தீர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஏற்பாட்டாளரான அம்மையார் இரண்டாம் நாள் இரவு எங்களைக் கடல் பார்த்த ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போனார். நல்ல மனம் கொண்டவர். அவரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

உள்ளே வெளிச்சம் குறைவு, குளிர் அதிகம். அக்காமார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பரிமாறுபவர் என்னிடம் ஆங்கிலத்திலும் அம்மையாரிடம் சிங்களத்திலும் பேசினார். அக்காமாரிடம் ஒன்றும் பேசவில்லை. விலைப்பட்டியலில் ‘யாழ்ப்பாண நண்டுக் கறி’ என்று இருந்ததைக் கண்டு அம்மையார், “உங்கட ஊர்ச் சாப்பாடு!” என்று ஆசையோடு அதையே சொன்னார். ஒரு சட்டி 12,500 ரூபா. சேவைக் கட்டணமும் வரியும் புறம்பு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள்தானே நீங்களும், கூட்டிப் பாருங்கள். நூற்றுக்கு 10 சேவைக் கட்டணம், அதன்மேல் 18 பெறுமதி சேர் வரி, மொத்தம் 16,225 ரூபா. அந்த அக்காவின் பதினொரு நாட் கூலி.

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கறி வந்தது. முருங்கையிலை இல்லை. உறைப்பும் இல்லை. தேங்காய்ப்பாலில் ஏதோ இனிப்பு. சோறு ஒரு சிரட்டை அளவில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்டு உடைக்கவென்று பாக்குவெட்டி மாதிரி ஓர் ஆயுதம் ஆளுக்கொன்று தந்தார்கள். கையால் சாப்பிடலாமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூன்று பேர் சோற்றைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

நண்டு அக்கா ஆயுதத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு காலை எடுத்துப் பெருவிரலால் அமத்தினார். கோது கடதாசி மாதிரி உள்ளே போனது. சதை சுருங்கி, மிச்சம் தண்ணீர்.

“பிள்ளை, இது கோது கழட்டின நண்டு. புதுக் கோது இன்னும் இறுகேல்லை. வாடியிலை அடிவயித்தை அமத்திப் பாத்தே நாங்கள் கழிவிலை போட்டிடுவம். இதுக்கு முழுக்காசு குடுத்து ஆரோ இவையளை ஏமாத்திப்போட்டினம். சமைக்கிற ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கோ, காட்டிவிடுறன்.”

குற்றம் பிடிக்கிற குரல் அல்ல அது. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்த இன்னொருவருக்குச் சொல்ல நினைக்கிற குரல்.

நான் என்ன செய்தேன்? மேசைக்குக் கீழே அவருடைய கையைப் பிடித்து, “பேசாமல் இருங்கோ அக்கா” என்றேன். அந்த நேரம் பார்த்து அம்மையார், “எப்பிடி, நல்லா இருக்கோ?” என்று கேட்டார். “மிச்சம் நல்லா இருக்கு” என்று நானே எல்லோருக்குமாகப் பதில் சொன்னேன். பெண்கள் தங்கள் கருத்தைச் சபையில் சொல்லப் பழக வேண்டும் என்று மாதம் இரண்டு தரம் பூநகரியில் வகுப்பு எடுப்பவள் நான். சமூகவியற் பட்டம் வேறு. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டியில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போனது.

வெளியே வந்தபோது எல்லோருக்கும் பசி. அம்மையார் விடைபெற்றுப் போனபின், காலிமுகத்திடலுக்கு நடந்தோம். வெள்ளைக்காரர் காலத்தில், 1859 இல் அந்த நடைபாதையைக் கட்டி முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்து வைத்தார். அதை அக்காமாருக்குச் சொன்னேன். “அப்ப எங்களுக்கும்தானே?” என்றார் இளையவர். காற்றில் எல்லோருடைய தலைமயிரும் பறந்தது. போர்த்தியிருந்த தலைப்புகளை இறக்கிவிட்டார்கள்.

தள்ளுவண்டிகளில் இறால் வடை, பொரித்த சின்ன நண்டு. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நண்டு அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. அவர் தந்த ஐந்து நண்டில் இரண்டைக் கையில் எடுத்து நிறை பார்த்து, தலையை ஆட்டித் திருப்பி வைத்து, வேறு இரண்டைச் சுட்டிக் காட்டினார் அக்கா. கடைக்காரர் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

நான் காசை எடுத்தேன். “நீங்கள் வையுங்கோ பிள்ளை” என்று சொல்லி, அரிசி விற்ற காசில் தன் பங்கிலிருந்து அவரே கொடுத்தார். பிறகு முதல் நண்டை என் கையில் வைத்தார்.